நோவு பொறுத்தலும் நோவு தீர்த்தலும்

‘எல்லாம் வினைப்பயன், நுகர்ந்தே தீர வேண்டும்’ என்பது நம் இல்லங்களில் நோயுற்றாரின் கட்டிலருகே அடிக்கடி கேட்கும் மொழி. சொல்பவர் ஆறுதலாகவே சொல்கிறார். ஆயினும், முழங்கால் வலியால் இரவெல்லாம் உறங்காத ஒரு மூதாட்டியின் செவிக்கு அது ஆறுதலாக மட்டும் சென்று சேர்வதில்லை. ‘மருந்து தேடாதே, வாய் மூடிப் பொறுத்துக்கொள்’ என்னும் கட்டளையாகவும் சென்று சேர்கிறது. அக்குபங்சர் என்னும் சீன ஊசி மருத்துவம் நம் ஊர்களில் பரவிய பின்னர் இப்பழைய மொழியோடு புதிய ஐயங்கள் சிலவும் சேர்ந்துள்ளன. வினைப்பயனாய் வந்த வலியை ஊசியால் விலக்கலாமா? உயிருள்ள உடம்பில் ஊசி குத்துவது இம்சை ஆகாதா? மருந்தில்லா மருத்துவம் என்பதனாலேயே அது நம் நெறிக்கு ஏற்றது என்று ஆராயாமல் ஏற்றுக்கொள்ளலாமா? இவ்வினாக்களை ஒருங்கே வைத்து எண்ணிப் பார்ப்போம்.

எண்ணுவதற்கு ஏற்ற நிலம் ஒன்று உண்டு. நம் குடும்பங்கள் இன்று பெரும்பாலும் வடதமிழகத்தில் வாழ்ந்தாலும், பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரை நம் முன்னோர் அறம் வளர்த்த இடங்களுள் ஒன்று. திருநெல்வேலிக்குக் கிழக்கே, சிற்றாறு பொருநையில் கலக்கும் சீவலப்பேரிக்கு அருகில் மருகால்தலை என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள குன்றின் குகைத்தளத்தில் பாறையில் வெட்டப்பட்ட படுக்கைகளும், அவற்றை வெண்காஸிபன் என்பவர் செய்து கொடுத்தார் என்று கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது அது. சமண முனிவர் தங்கிய இடம் என்றே அறிஞர் பலரும் கொள்வர்.

இக்கற்படுக்கையைக் காண்பவர் பெரும்பாலும் முனிவரின் தவத்தையே வியப்பர். வியக்கத் தக்கதே. படுக்கையின் கடுமை, புல்லும் முள்ளும் உறுத்தல், கொசுக்கடி, நோய் ஆகிய எல்லாம் முனிவர் பொறுக்க வேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களுள் அடங்கும். ஆனால் அப்படுக்கையைச் செய்து கொடுத்தவனை நாம் எண்ணுவதில்லை. மேடுபள்ளமான பாறையில் படுப்பது இன்னும் பெரிய தவமன்றோ என்று அவன் வாதாடவில்லை. கல் தச்சரை அழைத்து, பாறையைச் சமமாக்கி, அடிகளின் உடம்பு சற்றே இளைப்பாற வழி செய்தான். பொறுத்தல் முனிவரின் அறம். பொறுக்க வேண்டிய அளவைக் குறைத்தல் இல்லறத்தானின் அறம். ஒரே கல்லில் இரண்டும் இருக்கின்றன. நம் நோயைப் பொறுத்தற்குச் சொல்லப்பட்ட நெறியைப் பிறர் நோயைக் கண்டு வாளா இருப்பதற்குச் சான்றாகக் காட்டுவதே நாம் கண்டிக்கும் குழப்பம்.

வேதநீய வினையின் தீய பகுதியாகிய அசாதா வேதநீயம் துன்பத்தை நுகரச் செய்கிறது என்பது ஆகமத் துணிபு. அதில் ஐயமில்லை. ஆனால் பசியும் அவ்வினையின் பயனே. பசித்து வந்தவனிடம் ‘உன் வினை, நுகர்’ என்று கூறி ஆகார தானத்தை நிறுத்தியவர் நம்முள் எவரும் இலர். ஆகாரம், அபயம், சாஸ்திரம் ஆகியவற்றோடு ஔஷத தானத்தையும் ஒருசேர வைத்து நால்வகைத் தானம் என்றார்கள் பெரியோர். சோற்றுக்கு ஒரு நியாயமும் மருந்துக்கு வேறொரு நியாயமும் இருக்க இயலாது. மேலும், வினை விதையே ஆயினும் நிலமும் நீரும் பருவமும் கூடியே முளைக்கும். துணைக்காரணங்களை மாற்றினால் பயனும் மாறும். எல்லாம் முன்னரே முடிந்துவிட்டன, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது ஆசீவகரின் நியதிக் கொள்கை. அதனை மறுத்து வாதிடுவதற்கென்றே நம் நீலகேசியில் ஒரு பகுதி உண்டு. அந்நூலைப் போற்றிக்கொண்டே நோயாளியின் கட்டிலருகே நியதிவாதம் பேசுவது பொருந்துமா?

இனி, ஊசி குத்துவது இம்சையா என்னும் வினா. இதற்கு விடை நம் ஆசாரியர் பூஜ்யபாதரே தந்திருக்கிறார். தத்துவார்த்த சூத்திரத்துக்கு அவர் இயற்றிய சர்வார்த்தசித்தி என்னும் உரையில், தனக்கும் பிறர்க்கும் துன்பம் விளைத்தல் அசாதா வேதநீயத்தை ஈட்டும் என்ற சூத்திரத்தை விளக்கும் இடத்தில், ஒரு மருத்துவனை எடுத்துக்காட்டாகக் கொண்டுவருகிறார். பெருங்கருணையுடைய அம்மருத்துவன் ஒரு முனிவரின் உடம்பிலுள்ள கட்டியை அறுக்கிறான். அறுக்கும்போது வலி உண்டாகிறது. எனினும், வலிக்குப் புறக்காரணமாக இருந்தான் என்பதனால் மட்டும் அவனுக்குப் பாவ பந்தம் இல்லை என்கிறார் ஆசாரியர். கத்திக்கு உரைத்தது ஊசிக்கும் பொருந்தும். அக்குபங்சர் ஊசியோ தலைமுடியைவிடச் சிறிதே தடிப்பானது. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவினது. குத்தும் இடத்தில் எறும்பு கடித்தாற்போல் ஒரு நொடி, பின்னர் மந்தமான ஒரு கனம். இம்சை என்பது கவனமின்மையில் பிறக்கும் உயிர்க்கேடு என்று சூத்திரகாரர் இலக்கணம் வகுத்தார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘ஊசியா?’ என்பதன்று, ‘கவனம் உண்டா?’ என்பதே. ஒருவர்க்குப் பயன்படுத்திய ஊசியைத் தூய்மை செய்யாமல் மற்றவர்க்குக் குத்துபவன் மஞ்சட்காமாலைக் கிருமியையும் சேர்த்துக் குத்துகிறான். மார்பின்மேல் ஆழம் அறியாமல் குத்துபவன் நுரையீரலைத் துளைத்துவிடக் கூடும். இவை கற்பனை அல்ல. மருத்துவ ஏடுகளில் பதிவானவை. அங்கே இம்சை உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கிருமி நீக்கிய ஊசியைத்தான் கையாள்கிறாரா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை மட்டுமன்று, இருவர்க்குமான அகிம்சைக் கடமை.

இம்மருத்துவம் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். சீனாவின் மீது ஜப்பான் போர் தொடுத்த காலத்தில், 1938இல், இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர் கொண்ட குழு ஒன்று அந்நாட்டுக்குத் தொண்டு செய்யச் சென்றது. அவர்களுள் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர் நீத்தார். மற்றொருவரான கல்கத்தாவின் விஜய குமார் பாசு திரும்பி வந்து, 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று ஊசி முறையைக் கற்று இங்கே கொணர்ந்தார். தமிழர்க்கு அண்மையில் கொழும்பில், களுபோவில அரசு மருத்துவமனையில், அன்டன் ஜயசூரிய என்னும் மருத்துவப் பேராசிரியர் பல நாட்டாருக்கும் இதனைப் பயிற்றுவித்தார். இந்திய அரசு 2003 நவம்பரில் இதனை ஒரு சிகிச்சை முறையாக, பதிவு பெற்ற மருத்துவர்களும் தக்க பயிற்சி பெற்றோரும் செய்யலாம் என்று கூறியது; 2019 பிப்ரவரியில் தனித்த சிகிச்சை முறையாகவே ஏற்றது. இன்று பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் அக்குபங்சர் என்ற பெயர்ப்பலகைகளைக் காணலாம்.

அப்பலகைகளின் கீழ் வந்து அமர்பவர் யார்? பொருநைப் பள்ளத்தாக்கின் உழைப்பை அறிந்தவர்க்கு விடை தெரியும். கார், பிசானம் என்னும் இரு போகத்திலும் சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்களின் இடுப்பு. பத்தமடையில் ஆற்றோரக் கோரையைக் கொண்டு நாள் முழுதும் தரையில் அமர்ந்து பாய் நெய்பவரின் முதுகு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளில் மடியில் சுளகை வைத்து, தலை கவிழ்ந்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு விரல் ஓயாமல் சுற்றும் பெண்களின் கழுத்து. இவ்வலிகள் உயிரைப் போக்குவதில்லை. அதனாலேயே இவற்றை எவரும் நோயென்று மதிப்பதில்லை. வீட்டில் உள்ளோர் ‘வயசானா வரத்தானே செய்யும்’ என்பர். வலி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். இத்தகைய நாட்பட்ட வலிக்குத்தான் ஊசி மருத்துவம் முதன்மையாகப் பயன்படுகிறது என்று அதனை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். இடுப்பு, கழுத்து, முழங்கால் வலிகளும், அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியும் இதில் அடங்கும். அறுவைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்துக்குப் பின்னும் வரும் குமட்டலுக்கு, உள்மணிக்கட்டில் மூன்று விரல் மேலே உள்ள புள்ளி ஓரளவு உதவுகிறது. அதனை ஊசியின்றி விரலாலேயே அழுத்தலாம்.

எந்த அளவு உதவுகிறது? இங்கேதான் சத்திய விரதம் குறுக்கே வந்து நிற்கிறது. ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 1162 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். முதற் பிரிவினர்க்கு முறைப்படி புள்ளிகளில் ஊசி. இரண்டாம் பிரிவினர்க்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமான போலி ஊசி. மூன்றாம் பிரிவினர்க்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு திங்களுக்குப் பின் நலம் கண்டோர் முறையே நூற்றுக்கு 47.6, 44.2, 27.4 பேர். ஊசி முறை வழக்கமான சிகிச்சையை நன்றாகவே வென்றது. ஆனால் முறையான ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிது. உடம்பில் பதினான்கு நாடிகள் ஓடுகின்றன, அவற்றில் 361 புள்ளிகள் உள்ளன, சரியான புள்ளியைத் தொட்டால்தான் பயன் என்ற பழைய சீனக் கொள்கைக்கு இது வலுச் சேர்க்கவில்லை. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுக் குழுவோ 2009இல் இடுப்பு வலிக்கு இதனைப் பரிந்துரைத்தது. 2016இல் அப்பரிந்துரையை நீக்கியது. 2021இல் காரணம் புலப்படாத நாட்பட்ட வலிக்குப் பரிந்துரைத்தது.

‘பார்த்தீர்களா, இதுவும் உண்மை, அதுவும் உண்மை, அனேகாந்தம்!’ என்று மகிழ்ந்துவிடுதல் எளிது. அனேகாந்தம் எதையும் நம்புவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. எந்த நோக்கில் உண்டு, எந்த நோக்கில் இல்லை என்று பிரித்துச் சொல்லும் ஒழுங்கே அது. வலி குறைகிறது என்னும் நோக்கில் ஊசி முறை உண்மை. நாடியின் அடைப்பு நீங்கியதனால்தான் குறைகிறது என்னும் நோக்கில் அது மெய்ப்பிக்கப்படவில்லை. அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருத்தல், தன் வலியை ஒருவர் பொறுமையாகக் கேட்டல், நலம் பெறுவோம் என்னும் நம்பிக்கை ஆகிய இவற்றுக்கும் பயனில் பெரும்பங்கு உண்டு. ஆலங்குளத்துப் பெண்ணொருத்திக்கு வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் சுளகை இறக்கி வைத்து மல்லாந்து படுக்கக் கிடைப்பதே மருந்துதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

அங்ஙனமாயின், நம்பிக்கையால் நலம் பெறுபவரிடம் உண்மையைச் சொல்லி அந்நலத்தைக் கெடுப்பானேன், நன்மை தரும் பொய்யும் வாய்மைதானே என்று கேட்பவர் உண்டு. இவ்வாதம் நெடுங்காலம் வலிமை உடையதாகத் தோன்றியது. மக்கௌவில் சீன மருத்துவம் பயின்று பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளரான டெட் காப்சக் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அதனை ஆட்டங்காணச் செய்தது. குடல் எரிச்சல் நோயுடைய 80 பேரில் ஒரு பாதியினர்க்கு, ‘இதில் மருந்து எதுவும் இல்லை, ஆயினும் இத்தகைய மாத்திரை சிலர்க்கு உதவியிருக்கிறது’ என்று வெளிப்படையாகக் கூறியே வெறும் மாத்திரையைக் கொடுத்தனர். மூன்று வாரத்தில் அவர்களுள் நூற்றுக்கு 59 பேர் போதிய ஆறுதல் கண்டனர். மாத்திரை பெறாதவருள் 35 பேரே கண்டனர். சிறிய ஆய்வுதான். எனினும், ஆறுதல் தருவதற்குப் பொய் இன்றியமையாதது என்னும் சாக்கு இதனால் தளர்ந்தது. ‘இது பலர்க்கு உதவுகிறது, உமக்கும் உதவக்கூடும், எவ்வாறு உதவுகிறது என்பது முழுதும் தெளியவில்லை, ஆறு முறை செய்தும் குறையவில்லையெனில் நிறுத்திவிடுவோம்’ என்று சொல்பவரிடம் நம் மூதாட்டியை அழைத்துச் செல்லலாம். அச்சொல்லைச் சொல்லத் துணியாதவர் எவ்வளவு பெரிய நிபுணராயினும் வேண்டா.

ஏனெனில் பொய் சிறிதாகவே தொடங்குகிறது. முழங்கால் வலி தீரும் என்றவர், பின்னர் நீரிழிவு தீரும், இன்சுலினை நிறுத்துக என்கிறார்; அடுத்து, மருத்துவமனையே வேண்டா என்கிறார். 2024 பிப்ரவரியில், பொதிகை மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், மருத்துவமனையை விலக்கி அக்குபங்சரை நம்பி வீட்டிலேயே மகப்பேறு பார்த்த நிகழ்ச்சியில் தாயும் சேயும் இறந்தனர். காவல்துறை வழக்குப் பதிந்தது. அங்கே ஊசி எவரையும் கொல்லவில்லை. ஊசியைப் பற்றிய மிகைச்சொல் கொன்றது. அடைபட்ட இதயக்குழாய், புற்றுக்கட்டி, காசநோய், கருவுற்றாளின் குருதிப்போக்கு ஆகியவற்றை ஊசியிடம் ஒப்படைப்பது கவனமின்மை. சூத்திரகாரரின் இலக்கணப்படி இம்சையே.

மற்றொரு மிகைச்சொல்லும் நம் பக்கத்தில் உலவுகிறது. அக்குபங்சர் தமிழரின் வர்மக்கலையிலிருந்து பிறந்தது, சித்தர் ஒருவர் அதனைச் சீனத்துக்குக் கொண்டு சென்றார் என்பர். தென்பாண்டி நாட்டிலும் குமரியிலும் வர்மம் தனிச் சிறப்புடன் வளர்ந்தது உண்மை. படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என நூற்றெட்டாக எண்ணி, விரலால் தொட்டும் அழுத்தியும் தடவியும் செய்யும் முறை அது. 1964இல் தோன்றிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இன்றும் கற்பிக்கப்படுவது. ஆனால் இரண்டிலும் புள்ளிகள் உண்டு என்பதைக் கொண்டு ஒன்றை மற்றொன்றின் தாயாக்குதல் வரலாறு ஆகாது. வர்மத்துக்கு இப்பட்டம் தேவையும் இல்லை.

நம்மவர் பலரை ஊசி மருத்துவத்தின்பால் ஈர்ப்பது பிறிதொரு காரணம். ஆங்கில மருந்தின் கூடுகள் பெரும்பாலும் விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சிய பசையால் ஆனவை. ஊசியிலோ அத்தகைய கலப்பு இல்லை; உடன் பயன்படுத்தும் அனல் சிகிச்சைக்கும் நம் மாசிபத்திரியின் இனமான ஒரு செடியின் சருகே போதும். இவ்வுணர்வு போற்றத்தக்கது; புதியதும் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், உக்கிராதித்தர் என்னும் நம் ஆசாரியர் ஊனும் கள்ளும் தேனும் விலக்கியே கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை இயற்றினார். மருந்துக்கு ஊன் வேண்டா என்று அரசவையிலேயே வாதிட்டார் என்பர். ஆயினும் இங்கும் ஒரு நெருடல் உண்டு. ஊசி குத்தினால் மூளை தன் வலியடக்கிப் பொருள்களைச் சுரக்கிறது என்று இன்று பெருமையுடன் எடுத்துக்காட்டுகிறோமே, அவ்வறிவு முயல்களையும் எலிகளையும் வருத்திப் பெற்றது. பீகிங்கில் ஹான் ஜிஷெங் 1965 முதல் நடத்திய ஆய்வுகள் பலவும் அத்தகையவை. ‘இம்சை கலவாத மருத்துவம்’ என்ற விளம்பரத்தை அச்சிடுவோர் இதனையும் அறிந்திருத்தல் நலம். பெற்ற அறிவை இனி எறிந்துவிட இயலாது. ஆனால் முற்றும் தூயது என்று மார்தட்டவும் இயலாது.

ஔஷத தானம் செய்ய விரும்பும் நம் அன்பர் சிலர் இலவச அக்குபங்சர் முகாம் நடத்தலாமா என்று கேட்கின்றனர். நடத்தலாம், சில நிபந்தனைகளோடு. ஒரே நாள் முகாமில் இருநூறு பேருக்கு ஊசி குத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வது தானம் அன்று. நாட்பட்ட வலிக்கு வாரம் ஒருமுறையோ இருமுறையோ, ஆறு முதல் பத்து அமர்வுகள் வேண்டும். ஆகவே இருபது பேரை ஏற்று முழுதும் நடத்துவதே மேல். ஊசிக்கு முன் ஒரு மருத்துவர் பார்த்து, எலும்பு முறிவோ கட்டியோ நரம்பு நசுங்கலோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். குருதியை இளக்கும் மருந்து உண்போரையும் கருவுற்றோரையும் தனியே விசாரிக்க வேண்டும். உண்ணும் மருந்து எதையும் நிறுத்தச் சொல்லலாகாது என்று சிகிச்சை செய்பவரிடம் முன்னரே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. ஊசியால் கழுத்து வலி குறைந்த பெண் மறுநாள் காலை அதே தரையில், அதே சுளகின்மேல், அதே கவிழ்ந்த தலையோடு அமர்கிறாள். பத்து அமர்வின் பயனைப் பத்து நாளில் பீடிச்சுளகு திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அவள் சுற்றும் பொருள் பிறர் நுரையீரலைக் கெடுப்பது வேறு கதை. அதற்கு மாற்றாக அவ்வூர்களில் வேறு பிழைப்பு எளிதில் கிடைப்பதில்லை என்பதும் மெய்யே. முகாமுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, முதுகுக்குச் சாய்வும் சுளகைத் தாங்க நெஞ்சளவில் ஒரு பலகையும் உடைய மணைகளைச் செய்வித்துக் கொடுக்கலாம். உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார்; ஒருமுறை செய்தால் பல ஆண்டு உழைக்கும். அளவு எடுக்கும்போது அவளையே அமரச் செய்து, எந்த உயரத்தில் கழுத்து நிமிர்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.